வெள்ளிக்கிழமைக் குளிசை

டொராண்டோவுக்குப் போய் நான் முதலில் தெரிந்துகொண்டது, எனக்குத் தமிழ் முழுசாகத் தெரியாது என்பதைத்தான். விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் காரில் வந்த பிறகு, ஒரு கடைப் பலகையில் "ரொறன்ரோ" என்று தமிழில் எழுதியிருந்தது. ஏதோ பக்கத்து ஊர் போலிருக்கிறது என்று நினைத்து, டொராண்டோவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். காரை ஓட்டிவந்த சிவபாலன் அண்ணை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்ததே அந்த ஊரில்தான்.

நான் மதுரையில் மருத்துவன். ஆனால் நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவன் இல்லை. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சின்னத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிறவன். "டாக்டரா? கிளினிக் எங்கே?" என்று கேட்பவர்களிடம் கிளினிக் இல்லை என்று சொன்னால், மரியாதை பாதியாகக் குறைந்துவிடும். எனக்கு அது பழகிப்போன விஷயம். இன்னும் சொன்னால், கூச்சக்காரனான எனக்கு அது வசதியும்கூட.

தோலில் வருகிற லிம்போமா என்ற புற்றுநோயில் சில வகைகளுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கும். அவற்றைச் சரியாகக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை. அதில் கைதேர்ந்த ஒரு பிரிவு டொராண்டோ மருத்துவமனை ஒன்றில் இருக்கிறது. நான்கு வாரம் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. பார்க்கலாம், கேட்கலாம், கையெழுத்து மட்டும் போடக்கூடாது.

தங்கியது ஸ்கார்பரோவில், சிவபாலன் அண்ணை வீட்டு பேஸ்மென்ட் அறையில். அவர் என் மனைவியோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் உறவினர், இலங்கைத் தமிழர். மிசிசாகா பக்கம் விமான நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்தவர், இப்போது வீட்டில் மூன்று ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார். மூன்றிலும் மீன்.

முதல் நாள் அவர் மனைவி ராணி அக்கா இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார். எங்கள் பக்கம் வடிவு என்றால் அழகு. சிந்தாமல், விரல் நுனியால், மிகுந்த நாகரிகத்தோடு சாப்பிட்டேன். சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த அக்காவுக்கு மனசு சங்கடப்பட்டிருக்கிறது. வடிவாக என்றால் நன்றாக, வயிறார என்று மறுநாள்தான் அண்ணை விளக்கினார். அன்றைக்கு எட்டு இடியப்பம் சாப்பிட்டுக் கணக்கை நேர்செய்தேன். சொதி என்பது தேங்காய்ப் பாலில் செய்த மஞ்சள் குழம்பு. மதுரைக் காரத்துக்குப் பழகிய நாக்குக்கு அது முதலில் பத்தியச் சாப்பாடு போல இருந்தது. நான்காம் நாள் கிண்ணத்தில் வாங்கிக் குடித்தேன்.

அக்டோபர் மாதம். இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருக்க, ஜனங்கள் அதைப் பார்ப்பதற்கென்றே காரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பஸ் ஓட்டுநருக்கு இறங்கும் எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். மூன்றாம் நாள் நானும் சொன்னேன். அவர் பதிலுக்கு என் நாள் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். மதுரையில் ஒரு கண்டக்டர் என்னைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது "உள்ள போ" என்பதுதான்.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமை இரவு அண்ணை, "நாளைக்குக் காலமை மருந்து எடுக்கப் போறன். வாங்கோ, உங்களைப் போற வழியில இறக்கிவிடுறன்" என்றார். மருந்துக் கடையில் ஐந்து நிமிஷ வேலை என்று நானும் ஏறிக்கொண்டேன். ஆனால் அவர் வண்டியை நிறுத்தியது ஒரு டாக்டரின் கிளினிக் வாசலில். வரிசையில் அவருக்கு முன்னால் பதினோரு பேர். முழங்கால், சர்க்கரை, தூக்கம் என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்பித்துவிட்டு அவர் வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மருந்து வாங்கப் போவதாகத்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மருந்து எடுக்கிறதெண்டால் டொக்டரிட்டப் போறதுதானே" என்றார். "மருந்து வாங்கிறதுக்கெண்டால், குளிசை வாங்கப் போறன் எண்டு சொல்லியிருப்பன்."

குளிசை என்றால் மாத்திரை. மருந்து எடுப்பது என்றால் ஒரு டாக்டரிடம் வைத்தியம் பார்ப்பது. ஒரு காலை நேரத்தைப் பறிகொடுத்து இரண்டு சொற்கள் கற்றுக்கொண்டேன். மருத்துவமனைக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்ததும், பிரிவின் தலைவி டாக்டர் எலினோரிடம் மன்னிப்புக் கேட்டேன். உயரமான, அதிகம் பேசாத பெண்மணி. காரணத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

வியாழக்கிழமை அவர்கள் எல்லோரும் கூடிப் பார்க்கும் நாள். ஒரே மைக்ராஸ்கோப்பில் எட்டுப் பேர் கண் வைக்கலாம். மேசையில் ஒரு பெட்டி டோனட். அன்றைக்கு வந்த ஸ்லைடு, அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்த ஆறாத புண்ணிலிருந்து எடுத்த துண்டு. தோலுக்கு அடியில் பெரிய பெரிய செல்கள், கோணல்மாணலான உட்கருக்கள், நடுவே செத்துப்போன திசு. மதுரையாக இருந்தால் பத்து நிமிஷத்தில் "வேகமாகப் பரவும் லிம்போமா" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அடுத்த ஸ்லைடு வைரஸுக்கான சோதனை. அத்தனை பெரிய செல்லும் கருநீலமாகச் சாயம் ஏறியிருந்தது. இந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டு, பிறகு உடம்புக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். நம் எதிர்ப்புச் சக்தி அதைக் காவல் காக்கிறது. காவல் தளர்ந்தால் அது எழுந்துகொள்ளும்.

இளம் மருத்துவர் ஒருவர், இது புற்றுநோய்தான், திங்கட்கிழமை கீமோ ஆரம்பிக்க ஏற்பாடாகிவிட்டது என்றார். எலினோர் உடனே தலையாட்டவில்லை. இதே மாதிரி, அச்சு அசலாக இதே மாதிரி இருக்கிற இன்னொன்று உண்டு என்றார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஒற்றைப் புண் வரும். அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். கீமோவே வேண்டியிருக்காது. ஸ்கேனில் உடம்பில் வேறெங்கும் எதுவும் தெரியாததும் அதற்குப் பொருந்தி வருகிறது.

"இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கண்ணாடியில் இல்லை" என்றார் எலினோர். "அந்தப் பெண்ணின் கதையில் இருக்கிறது."

கதையோ தெளிவாக இருந்தது. பலவீனமான இதயம். அதற்கு நான்கு மாத்திரை, எல்லாம் உள்ளூர் மருந்துக் கடைக் கணக்கில் இருக்கிறது. வேறு மருந்து எதுவும் இல்லை. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்து இரண்டு தடவை கேட்டாயிற்று. இரண்டு தடவையும் இல்லை என்றுதான் பதில். அந்தக் கீமோவில் முக்கியமான மருந்து இதயத்தைப் பதம் பார்க்கும். அந்த இதயம் அதைத் தாங்குமா என்பதற்கு அறையில் யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டாலோ, உண்மையிலேயே புற்றாக இருந்தால் அது காத்திருக்காது.

எலினோர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பெண்ணின் மொழி தமிழ். நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வருகிறார். அவர் சம்மதித்தால் என்னோடு உட்காருவீர்களா என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. நோயாளி ஒருவர் எதிரில் நான் கடைசியாக உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அவர் பெயரைப் பரமேஸ்வரி என்று வைத்துக்கொள்கிறேன். இதை எழுதலாமா என்று பின்னால் கேட்டபோது, பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை நெற்றியில் திருநீறோடு, மகள் மீராவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் யார் என்று எலினோர் சொன்னதும், "இந்தியாவோ? இருங்கோ, டொக்டர்" என்று தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல எனக்கு நாற்காலி காட்டினார்.

மேசையில் தொலைபேசி. அதில் மொழிபெயர்ப்பாளர், குரலில் அப்பட்டமான சென்னைத் தமிழ். எலினோர் ஆங்கிலத்தில் கேட்க, அந்தக் குரல் கேட்டது, "அம்மா, இதயத்துக்குச் சாப்பிடறதைத் தவிர, வேற மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"இல்லைப் பிள்ளை. வேறை ஒருத்தரிட்டையும் மருந்து எடுக்கிறேல்லை."

வேறு மருந்து எடுப்பதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய தமிழில் அது சரியான மொழிபெயர்ப்புதான். எலினோர் தாளில் ஒரு கோடு போட்டார். எனக்கு மட்டும் அந்த "ஒருத்தரிட்டையும்" உறுத்தியது. என்ன மருந்து என்று கேட்டால், யாரிடம் என்று ஏன் பதில் சொல்ல வேண்டும்? புதன்கிழமை கிளினிக்கில் பதினோரு பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவரிடம் யாருமே மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு டாக்டரிடம் போகிறீர்களா என்றுதான் மூன்று தடவையும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

நான் ஒன்று கேட்கலாமா என்றேன். எலினோர் தலையசைத்தார்.

"அம்மா, வேற குளிசை ஏதும் போடுறீங்களா?"

"குளிசையோ?" என்றார் பரமேஸ்வரி. "ஓம், வெள்ளிக்கிழமைக் குளிசை போடுறனான். இண்டைக்கும் போடவேணும்."

கைப்பையைத் திறந்து, கோயில் பிரசாதப் பொட்டலத்துக்குக் கீழே இருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியான மாத்திரைகள். அட்டையின் பின்னால் இருந்த பெயரை நான் இரண்டு தடவை படித்தேன். மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை கொடுப்பது. எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துத்தான் அது வேலை செய்கிறது. எலினோர் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். நான்கு வருஷத்துக்கு முன் பரமேஸ்வரிக்குக் கை விரல்கள் வீங்கி, காலையில் தேத்தண்ணிக் கோப்பைகூடப் பிடிக்க முடியாமல் போயிருக்கிறது. இங்கே பெரிய டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போனவர், அங்கே ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற நாள், மறக்காது என்று அந்த நாளிலேயே மாத்திரையையும் வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் வலி போயிற்று. அதற்குப் பிறகு வளசரவாக்கத்தில் இருக்கும் தங்கை, யாராவது கனடா போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், மிளகாய்த்தூளோடும் வடகத்தோடும் அட்டைகளையும் கொடுத்துவிடுவாராம். இங்கே எந்தக் கடைக் கணக்கிலும் அது ஏறவில்லை.

"அம்மா, ஒய் டிடின்ட் யூ டெல் தெம்?" என்றாள் மீரா. "தே ஆஸ்க்ட் யூ ட்வைஸ்."

"மருந்து எடுக்கிறீங்களோ எண்டுதானே கேட்டவை. நான் இஞ்ச ஆரிட்ட எடுக்கிறன்? இது தங்கச்சி அனுப்புறது" என்றார் தாய்.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நான் நினைத்தேன். எலினோர் அப்படி நினைக்கவில்லை. இந்த மாத்திரைதான் காரணம் என்று இப்போதும் சத்தியம் செய்ய முடியாது, நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்று பொறுமையாகச் சொன்னார். நிறுத்தினால் கை வீக்கம் திரும்ப வரலாம். மூன்று வாரம் காத்திருப்போம், வாராவாரம் புண்ணை அளப்போம். ஒரு வாரம் பெரிசானாலும் மறுநாளே கீமோ. அப்போது கொஞ்ச நாள் வீணாகியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

பரமேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "டொக்டர், உங்கட அக்காவெண்டால் என்ன செய்யச் சொல்லுவியள்?"

எனக்குப் பதில் சொல்ல உரிமையில்லை என்றேன். ஒரு மனிதராகச் சொல்லுங்கள், மருத்துவராக நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்றார் எலினோர். "நிறுத்திட்டுக் காத்திருக்கச் சொல்வேம்மா" என்றேன். கண்ணாடித் துண்டு எந்தக் காலத்திலும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அன்று மாலை புத்தி ஒரு இடத்தில் இல்லை. சீக்கிரம் போகலாமே என்று ஏறிய ரயில் நான் இறங்க வேண்டிய நிலையத்தில் நிற்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் தமிழ்நாட்டுப் பையன்கள் இருவர், வாடகைக்கு அறை தேடுவதைப் பற்றி விடாமல் புலம்பிக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்டபடியே பிக்கரிங் போய் இறங்கினேன். காற்று காதை அறுத்தது. சிவபாலன் அண்ணைக்குப் போன் செய்தேன். அரை மணியில் வந்தார், கையில் சூடான மீன் பணிஸ், அதாவது உள்ளே மீன் வைத்த பன்.

"என்ன, பிக்கரிங்கில வீடு பாக்க வந்தனீங்களோ?" என்றார்.

அவரால்தான் அந்த அம்மாவிடம் சரியான கேள்வியைக் கேட்க முடிந்தது என்று சொல்ல ஆசையாக இருந்தது. நோயாளி விஷயம் வெளியே பேசக்கூடாது. அதனால் இரண்டாவது பணிஸையும் வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கு என்ன இவ்வளவு பசி என்று அவருக்கு ஆச்சரியம்.

முதல் வாரம் புண் அப்படியே இருந்தது. எலினோர் அளவுகோலை வைத்து அளந்து, மீராவிடமும் கொடுத்து அளக்கச் சொன்னார். ஒரு மில்லிமீட்டரும் கூடவில்லை, குறையவும் இல்லை. பெரிசாகாததே நல்ல செய்தி என்று எலினோர் சொன்னார். இளம் மருத்துவர் கீமோவுக்கான படிவத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அது எனக்குத்தான் குத்தியது.

இரண்டாம் வாரம் கைகள் வீங்கிவிட்டன. பரமேஸ்வரியால் கோட்டின் பொத்தானைக் கழற்ற முடியவில்லை, மீரா கழற்றிவிட்டாள். வலிக்கு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். என்னால்தான் இந்த வலி என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் புண்ணின் ஓரத்தில் ஈரம் வற்றியிருந்தது. அது எதையும் நிரூபிக்காது என்று எலினோர் சொன்னாலும், அன்றைக்குப் போகும்போது வழக்கத்துக்கு மாறாக டோனட் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணையும் அக்காவும் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கடல் மாதிரிதான் இருக்கிறது, உப்பு வாசனைதான் இல்லை. ராணி அக்கா காரின் பின்பக்கத்தைத் திறந்து கொத்துரொட்டி பரிமாறினார். குளிரில் கை நடுங்கச் சாப்பிட்டோம். அண்ணை ஏதோ அரசியல் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு, மனசுக்குள் மில்லிமீட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் நான் அங்கே இருக்கும் கடைசி வெள்ளி. மீரா கட்டைப் பிரித்தாள். புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் படர்ந்திருந்தது. எலினோர் அளந்தார். கோலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். பிறகு நிமிர்ந்து, கீமோ வேண்டாம் என்றார். மாதக்கணக்கில் கண்காணிக்க வேண்டும், கைக்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும், ஆனால் கீமோ வேண்டாம். மீரா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இளம் மருத்துவர் வந்து என் கையைக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

எனக்காக மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்திருந்தார்கள். கை இப்படி இருப்பதால் கடையில் வாங்கியது, குறை நினைக்க வேண்டாம் என்றார் பரமேஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்றதும் விவரம் விசாரித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஆஸ்பத்திரி பெரிசா. பெரிசுதான் என்றேன்.

"அங்கயும் இப்பிடிப் புண்ணோட ஆக்கள் வாறவையோ?"

"வருவாங்கம்மா."

"அவையளிட்ட எப்பிடிக் கேக்கிறனீங்கள்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தக் கால் கட்டைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. அவங்களை நான் பார்க்கறதில்லைம்மா, துண்டு மட்டும்தான் என்கிட்ட வரும், கூட ஒரு தாள் வரும் என்றேன். அந்தத் தாளில் வேறு என்ன மருந்து என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், நானும் யாரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்றும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

பரமேஸ்வரி கோபப்படவில்லை. வீங்கிய விரல்களால் என் கையைத் தொட்டு, யாரோ தெரிந்தவர்களைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார்.

"அப்ப, பிறகு அவையளுக்கு என்ன நடந்தது?"

"தெரியாதும்மா" என்றேன்.